யாரு குடுத்த ஐபி இது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல நிறைய ஒரே விஷயத்தைச் சுத்தியே இருந்துச்சு, நெட்வொர்க்ல சம்பந்தமே இல்லாத ஒரு பெட்டி எல்லாருக்கும் ஐபி (நெட்வொர்க்ல ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் இருக்கிற எண் முகவரி) குடுக்க ஆரம்பிச்சிடுது, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படித் தடுக்கிறதுன்னு. அதனால மத்த கேள்விகளை அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இதையே முழுசா எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், காலையில ஆபீஸ்ல சிஸ்டம் ஆன் பண்ணா சில பேருக்கு நெட் வருது, சில பேருக்கு வரல. வராதவங்க ஐபி பாத்தா 192.168.0-ன்னு ஆரம்பிக்குது, எங்க நெட்வொர்க் 10.20-ல இருக்கு. கேபிள் மாத்தினோம், டிஹெச்சிபி சர்வரை (சிஸ்டங்களுக்குத் தானா ஐபி குடுக்கிற சர்வர்) ரீஸ்டார்ட் பண்ணோம், ஒண்ணும் ஆகல. நேரம் ஆக ஆக இன்னும் சில பேருக்குப் போகுது. சர்வர் கெட்டுப்போச்சா?

பதில்: சர்வர் நல்லாத்தான் இருக்கு, அதை விட்டுடுங்க. உங்க நெட்வொர்க்ல ரெண்டாவதா ஒரு டிஹெச்சிபி சர்வர் ஓடுது. பெரும்பாலும் யாரோ வைஃபை வரலன்னு ஒரு சின்ன ரவுட்டரைக் கொண்டுவந்து, ஆபீஸ் கேபிளை அதோட வான் போர்ட்ல (வெளி நெட்டுக்கானது) போடாம லேன் போர்ட்ல (உள் நெட்வொர்க்குக்கானது) சொருகியிருப்பாங்க. இல்லன்னா ஒருத்தரோட லேப்டாப்ல வர்ச்சுவல் மெஷின் (லேப்டாப்புக்குள்ளயே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) பிரிட்ஜ் மோட்ல, அதாவது நேரா ஆபீஸ் நெட்வொர்க்லயே சேர்ந்து, டிஹெச்சிபியோட ஓடிக்கிட்டு இருக்கும். ஐபி 192.168.137-ல ஆரம்பிச்சா விண்டோஸ்ல இன்டர்நெட் ஷேரிங்கை ஆன் பண்ணி வச்சிருக்காங்கன்னு கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கிட்டு சொல்லிடலாம்.

ஏன் சில பேருக்கு மட்டும்னு கேட்டீங்கல்ல, அதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. சிஸ்டம் ஆன் ஆனதும் அதுக்கு ஐபி கிடையாது, யாரைக் கேக்கணும்னும் தெரியாது, அதனால 0.0.0.0-ல இருந்து 255.255.255.255-க்கு, அதாவது எல்லாரையும் பாத்து, "யாராவது ஐபி குடுங்க"ன்னு ஒரு டிஸ்கவர் அனுப்பும். சர்வர் ஒரு ஆஃபர் அனுப்பும், சிஸ்டம் ரிக்வெஸ்ட்னு திருப்பி அனுப்பும், சர்வர் ஆக், அதாவது சரி எடுத்துக்கோன்னு முடிச்சுடும். ஆஃபர் ரெண்டு எடத்துல இருந்து வந்தா என்ன பண்ணும்? பெரும்பாலான சிஸ்டம் முதல்ல வந்ததை எடுத்துக்கும், அவ்வளவுதான். அது யாரு, உண்மையான சர்வரான்னு சரிபார்க்க எந்த வழியும் அதுகிட்ட இல்ல. இதுல உங்க சர்வர் எங்கயோ இன்னொரு வீலேன்ல (ஒரே நெட்வொர்க்கைப் பிரிச்ச தனிப் பகுதி) ரிலே (கேள்வியை வாங்கி சர்வருக்குக் கடத்துற பெட்டி) வழியா போய்ச் சேர்ற எடத்துல இருக்கும், அதோட சில சர்வர்கள் ஒரு ஐபியைக் குடுக்கிறதுக்கு முன்னாடி அது காலியா இருக்கான்னு பிங் பண்ணிப் பாத்துட்டு அரை செகண்ட், ஒரு செகண்ட் காத்திருந்துதான் ஆஃபர் அனுப்பும், பக்கத்துல இருக்கிற சின்ன ரவுட்டர் உடனே நீட்டிடும். அதனால தப்பான பெட்டிதான் அடிக்கடி ஜெயிக்கும்.

ஏற்கனவே சரியான ஐபி வச்சிருக்கிறவங்களுக்கு உடனே பிரச்சனை வராது, ஏன்னா லீஸ், அதாவது ஐபியை வச்சுக்கிற காலம், பாதி முடிஞ்சதும் புதுப்பிக்கிறது நேரா பழைய சர்வர்கிட்டதான் போகும். ஆனா ரீஸ்டார்ட் பண்ணா பழைய ஐபியே வேணும்னு எல்லாரையும் பாத்துக் கேக்கும், அப்ப அந்த ரவுட்டர் "இந்த ஐபி இங்க செல்லாது"ன்னு நேக் அனுப்பிடுச்சுன்னா கையில இருந்த நல்ல ஐபியும் போயி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். நேரம் ஆக ஆக ஆளு கூடுறதுக்குக் காரணம் இதான்.

கண்டுபிடிக்க, பாதிக்கப்பட்ட சிஸ்டத்துலயே உக்காருங்க. ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் அடிங்க, அதுல டிஹெச்சிபி சர்வர்னு ஒரு வரி இருக்கும், அங்க 192.168.0.1 மாதிரி ஒண்ணு நிக்கும். அதை ஒரு தடவை பிங் பண்ணிட்டு ஏஆர்பி மைனஸ் ஏ அடிச்சா அந்த ஐபிக்கு நேரா மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட சொந்த எண்) வரும், ஒரு ஐபிக்கு எந்த மேக்னு கேட்டுச் சொல்றதுதான் ஏஆர்பி. மேக்கோட முதல் ஆறு எழுத்தை வச்சு எந்தக் கம்பெனி தயாரிப்புன்னு தேடிப் பாக்கலாம், ரவுட்டரா லேப்டாப்பான்னு ஓரளவு தெரிஞ்சிடும். அப்புறம் ஸ்விட்ச்ல போய் அந்த மேக் எந்த போர்ட்ல தெரியுதுன்னு பாருங்க. அப்லிங்க் போர்ட்டை (இன்னொரு ஸ்விட்சுக்குப் போற போர்ட்) காட்டுச்சுன்னா அந்தப் பக்கம் இருக்கிற அடுத்த ஸ்விட்சுக்குப் போய் அதையே திரும்பப் பாருங்க, இப்படியே போனா கடைசியில ஒரு ஆக்ஸஸ் போர்ட்ல, அதாவது யூசர் மாட்டியிருக்கிற போர்ட்ல வந்து நிக்கும். அதை ஷட் பண்ணுங்க. உடனே எல்லாம் சரியாகிடாது, தப்பான ஐபி வாங்கினவங்க லீஸ் முடியிற வரைக்கும் அதையே பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க, அதனால அவங்க சிஸ்டத்துல ரிலீஸ் பண்ணி ரினியூ பண்ணணும், இல்ல கேபிளைக் கழட்டி மாட்டணும்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் இப்படித் தேடிக்கிட்டே இருக்க முடியாது. டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போடுங்கன்னு சொல்றாங்க. அது என்ன பண்ணுது, எந்த வரிசையில ஆன் பண்ணணும்?

பதில்: பதில் சொல்றவர் யாருன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஆனா அந்தப் பதில் எந்த போர்ட் வழியா உள்ள வருதுன்னு ஸ்விட்சுக்குத் தெரியும். ஸ்னூப்பிங் அந்த ஒரு அறிவை வச்சுத்தான் வேலை செய்யுது. சர்வர் இருக்கிற திசையில உள்ள போர்ட்டை ட்ரஸ்டட்னு நீங்க சொல்லணும், மத்தது எல்லாம் அன்ட்ரஸ்டட். அன்ட்ரஸ்டட் போர்ட்ல இருந்து ஆஃபர், ஆக், நேக் எது வந்தாலும் ஸ்விட்ச் அங்கயே தூக்கிப் போட்டுடும். சர்வர் மட்டும் பேச வேண்டிய பேச்சை யூசர் போர்ட்ல இருந்து பேசவே முடியாது. எதையாவது ஒண்ணை மட்டும்தான் செய்ய நேரம் இருக்குன்னா நான் இதைத்தான் செய்யச் சொல்லுவேன், கையில ஏற்கனவே இருக்கிற ஸ்விட்ச்ல தூங்கிக்கிட்டு இருக்கிற வசதி இது, இதை ஆன் பண்ணாம விட்டு வைக்கிறதைப் பாத்தா மனசு தாங்கல.

சிஸ்கோ ஸ்விட்ச்ல வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல அப்லிங்க் போர்ட்டுக்குள்ள போயி ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் ட்ரஸ்ட். போர்ட் சேனலா (பல கேபிளை ஒண்ணா சேர்த்தது) இருந்தா அந்தப் போர்ட் சேனல் இன்டர்ஃபேஸ் மேலயே போடுங்க. ரெண்டு அப்லிங்க் இருந்தா, ஒண்ணு ஸ்பானிங் ட்ரீல (லூப் வராம ஒரு வழியை மூடி வைக்கிற வசதி) பிளாக் ஆகி சும்மா நின்னாலும் அதுக்கும் போடுங்க, இல்லன்னா முதல் லிங்க் என்னைக்கோ போகும்போது இன்னொண்ணு வழியா வர ஆஃபர் எல்லாம் விழுந்துடும், அப்ப யாருக்கும் ஏன்னு புரியாது. அப்புறம் ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வீலேன் 10, 20ன்னு எந்த வீலேன் வேணுமோ அதுக்கு. எல்லாத்துக்கும் கடைசியில வெறும் ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங். அந்தக் கடைசி வரி அடிச்ச நிமிஷத்துல இருந்துதான் வேலை செய்ய ஆரம்பிக்கும், அதனாலதான் அதைக் கடைசியில வைக்கச் சொல்றேன். வீலேனை மட்டும் குடுத்துட்டு இந்த வரியை விட்டுட்டா ஒண்ணுமே நடக்காது, கான்ஃபிக்ல பாக்கும்போது மட்டும் போட்ட மாதிரியே தெரியும், அது இன்னும் ஆபத்து. ஷோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் அடிச்சு ஆன் ஆயிருக்கா, எந்த வீலேன், எந்தப் போர்ட் ட்ரஸ்டட்னு கண்ணால பாத்துட்டு எந்திரிங்க.

அரூபாவுலயும் இதே கருத்துதான், அங்க கூடுதலா எந்த ஐபி உள்ள சர்வர் மட்டும் பதில் சொல்லலாம்னு ஆதரைஸ்டு சர்வர் லிஸ்ட் குடுக்கலாம். மைக்ரோடிக்ல பிரிட்ஜ்ல டிஹெச்சிபி ஸ்னூப்பிங் எஸ்னு போட்டு அப்லிங்க் போர்ட்டுக்கு ட்ரஸ்டட் எஸ்னு குடுக்கணும், 6.43-ல இருந்து இருக்கு, ஆனா சில மாடல்ல இதை ஆன் பண்ணா ஹார்டுவேர் ஆஃப்லோட் போயி டிராஃபிக் எல்லாம் சிபியு மேல வந்துடும், மாடலைப் பாத்துட்டு செய்யுங்க. யூனிஃபைல டிஹெச்சிபி கார்டிங்னு பேரு.

கேள்வி: நீங்க சொல்ற மாதிரிதான் போட்டேன், ட்ரஸ்டும் குடுத்தேன். ஆன் பண்ண உடனே புதுசா யாருக்கும் ஐபி வரல, 169.254-ன்னு வருது. ஆஃப் பண்ணா வருது. என்ன தப்பு?

பதில்: 169.254 வந்தா எந்த சர்வரும் பதில் சொல்லல, சிஸ்டம் தானே ஒண்ணை வச்சுக்கிச்சுன்னு அர்த்தம். ட்ரஸ்ட் சரியான போர்ட்லதான் இருக்குன்னா அடுத்து பாக்க வேண்டியது ஆப்ஷன் 82. இந்த ஒரு விஷயத்தால ஸ்னூப்பிங்கை ஆஃப் பண்ணிட்டு திரும்ப அந்தப் பக்கமே போகாதவங்க எத்தனையோ பேரு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

2001-ல வந்த ஆர்எஃப்சி (இன்டர்நெட் விதிமுறை ஆவணம்) 3046-ல இருக்கிற ஆப்ஷன் இது. கிளையன்ட் எந்த ஸ்விட்ச்ல எந்த போர்ட்ல இருந்து கேக்குதுங்கிற தகவலை வழியில இருக்கிற ரிலே சேர்த்து அனுப்பும், சர்வர் அதைப் பாத்து போர்ட்டுக்கு ஏத்த மாதிரி ஐபி குடுக்கலாம். சிஸ்கோ ஸ்விட்ச்ல ஸ்னூப்பிங் ஆன் பண்ணா இதையும் தானாவே சேர்க்க ஆரம்பிச்சிடும். ஆனா நம்ம ஸ்விட்ச் ரிலே கிடையாது, அதனால பாக்கெட்ல ரிலே அட்ரஸ்ங்கிற எடம் பூஜ்யமாவே இருக்கும். ஆப்ஷன் 82 இருக்கு, ரிலே அட்ரஸ் இல்ல, இப்படி ஒரு பாக்கெட்டைப் பாத்தா மேல இருக்கிற சிஸ்கோ ரவுட்டரோ, ரவுட்டர் வேலையும் பாக்குற லேயர் 3 ஸ்விட்சோ சந்தேகப்பட்டுத் தூக்கிப் போட்டுடும். நடுவுல இன்னொரு ஸ்விட்ச்ல ஸ்னூப்பிங் ஓடுச்சுன்னா, கீழ இருந்து வர்ற அன்ட்ரஸ்டட் போர்ட்ல ஆப்ஷன் 82 இருக்கிற பாக்கெட் வந்தா அந்த ஸ்விட்ச்சும் தூக்கிப் போட்டுடும். கிளையன்ட் கேட்டுக்கிட்டே இருக்கும், கேள்வி சர்வரைப் போய்ச் சேரவே சேராது, நீங்க சர்வர் லாக்ல தேடுனா ஒண்ணுமே இருக்காது.

உங்க சர்வர் அந்தத் தகவலைப் பயன்படுத்தலன்னா ஆக்ஸஸ் ஸ்விட்ச்ல நோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்னு ஒரே வரி, முடிஞ்சது. பயன்படுத்துறீங்கன்னா மேல உள்ள ரவுட்டர்ல ரிலே இன்ஃபர்மேஷன் ட்ரஸ்ட் ஆல், நடுவுல உள்ள ஸ்விட்ச்ல இன்ஃபர்மேஷன் ஆப்ஷன் அலோ அன்ட்ரஸ்டட் போடுங்க.

இன்னொரு எடத்துலயும் மாட்டுவாங்க. போர்ட்டுக்கு செகண்டுக்கு 15 டிஹெச்சிபி பாக்கெட்னு ரேட் லிமிட் போடச் சொல்லி எல்லா எடத்துலயும் எழுதியிருக்கும், ஒரு சிஸ்டம் இருக்கிற போர்ட்டுக்கு அது சரி, ஆனா அதையே கீழ இன்னொரு ஸ்விட்சோ ஆக்ஸஸ் பாயின்ட்டோ தொங்குற போர்ட்லயும் போட்டா கரண்ட் போயி வந்த உடனே எல்லாரும் ஒண்ணா கேப்பாங்க, லிமிட் தாண்டி போர்ட் எர்ர் டிஸேபிள் ஆகி (ஸ்விட்ச் தானே போர்ட்டை மூடிடுறது) அந்தப் பக்கம் முழுக்க இருட்டாகிடும். அந்த மாதிரி போர்ட்ல லிமிட்டை நல்லா ஏத்தி வைங்க, மூடின போர்ட்டைத் தானே திரும்பத் திறக்கிற எர்ர் டிஸேபிள் ரெகவரியும் போட்டு வைங்க.

கேள்வி: எங்ககிட்ட விண்டோஸ் டொமைன் இருக்கு. டிஹெச்சிபி சர்வரை ஆக்டிவ் டைரக்டரில (டொமைனோட பதிவேடு) ஆதரைஸ் பண்ணியிருக்கோம். அது போதாதா?

பதில்: போதாது. டொமைன்ல சேர்ந்த, ஆதரைஸ் ஆகாத விண்டோஸ் சர்வர் டிஹெச்சிபி சர்வீஸை ஓட்டாம தானே நின்னுக்கும், அந்த அளவுக்குத்தான் அது. சின்ன ரவுட்டருக்கும் லினக்ஸ் லேப்டாப்புக்கும் உங்க டைரக்டரியைப் பத்தி ஒண்ணும் தெரியாது.

கேள்வி: இது தெரியாம நடக்கிற தப்புதானே, இதை ஏன் செக்யூரிட்டி பிரச்சனைன்னு சொல்றாங்க?

பதில்: பெரும்பாலும் தெரியாம நடக்கிறதுதான், ஆனா அந்தச் சின்ன ரவுட்டர் செஞ்சதை ஒருத்தர் தெரிஞ்சே செஞ்சா என்ன ஆகும்னு யோசிங்க. டிஹெச்சிபி குடுக்கிறது வெறும் ஐபி மட்டும் இல்ல, கேட்வே (நெட்வொர்க்கை விட்டு வெளிய போற வாசல்) யாருன்னு சொல்லுது, டிஎன்எஸ் (வெப்சைட் பேரை ஐபியா மாத்திச் சொல்றது) யாருன்னு சொல்லுது. டிஎன்எஸ்ஸை மாத்திட்டா நீங்க பேங்க் பேரை சரியா டைப் பண்ணாலும் வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியும், கேட்வேயை மாத்திட்டா உங்க டிராஃபிக் எல்லாம் அவர் லேப்டாப் வழியா போயிட்டு வரும், நெட் ஒழுங்கா வேலை செய்யுறதால யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணவே மாட்டாங்க. தெரியாம செஞ்சது சத்தம் போட்டுக் காட்டிக் குடுத்துடும், தெரிஞ்சு செஞ்சது சத்தமே போடாது, அதுதான் பயம்.

இது வெறும் கற்பனை இல்ல. 2008 கடைசியிலயே, புகுந்த சிஸ்டத்துல ஒரு டிஹெச்சிபி சர்வரை ஓட்டி, அதே நெட்வொர்க்ல இருக்கிற மத்த சிஸ்டங்களுக்குத் தன்னோட டிஎன்எஸ்ஸைக் குடுக்கிற வைரஸ் வந்துச்சு. ஒரு சிஸ்டத்துல ஆன்டிவைரஸ் இல்லன்னா வைரஸ் ஏறாத மத்த சிஸ்டமும் மாட்டும். 2024 மே மாசம் டனல்விஷன்னு ஒண்ணு வெளிய வந்துச்சு, டிஹெச்சிபியோட ஆப்ஷன் 121-ல ரூட் (டிராஃபிக் எந்த வழியா போகணும்ங்கிறது) குடுத்து, விபிஎன் (டிராஃபிக்கை மறைச்சு அனுப்புற வழி) போட்டிருக்கிறவங்களோட டிராஃபிக்கையும் விபிஎன்னுக்கு வெளிய இழுத்துட முடியும்னு காட்டினாங்க. விபிஎன் கனெக்டட்னே காட்டிக்கிட்டு இருக்கும். அதுக்கும் நெட்வொர்க் பக்கத்துல இருந்து செய்யக்கூடிய தடுப்பு, நம்ம பேசிக்கிட்டு இருக்கிற இதே ஸ்னூப்பிங்தான்.

பொய் மேக் அட்ரஸ் வச்சு ஆயிரக்கணக்கா ஐபி கேட்டு உண்மையான சர்வரைக் காலி பண்றதும் உண்டு. சிஸ்கோல ஸ்னூப்பிங் ஆன் ஆனா அன்ட்ரஸ்டட் போர்ட்ல ஃப்ரேமோட (பாக்கெட்டைச் சுத்தியிருக்கிற உறை) மேக்கும் டிஹெச்சிபி உள்ள எழுதியிருக்கிற மேக்கும் ஒண்ணான்னு பாக்கும், ரெண்டையும் சேர்த்தே மாத்துறவரை அது பிடிக்காது, அதுக்கு போர்ட் செக்யூரிட்டில ஒரு போர்ட்டுக்கு இத்தனை மேக்தான்னு வைக்கணும், ரேட் லிமிட்டும் வேணும்.

கேள்வி: ஸ்னூப்பிங் நல்லா ஓடுது. அடுத்து ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷனும் போடச் சொல்றாங்க. பிரின்டர், கேமரா எல்லாம் ஸ்டேடிக் ஐபில இருக்கு. போடலாமா?

பதில்: போடணும், ஆனா அவசரப்படாதீங்க. ஸ்னூப்பிங் ஒவ்வொரு ஆக் போகும்போதும் ஒரு டேபிள்ல எழுதி வச்சுக்கும்: இந்த மேக், இந்த ஐபி, லீஸ் இன்னும் இத்தனை செகண்ட், வீலேன் 10, 7-ஆம் போர்ட். ஷோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் பைண்டிங் அடிச்சா வரி வரியா தெரியும். ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷன் அந்த டேபிளை வச்சுத்தான், "நான்தான் கேட்வே"ன்னு பொய் சொல்றவரைப் பிடிக்குது. டேபிள்ல பேரு இல்லாதவர் ஏஆர்பி பேசினா விழுந்துடும். அதனால ஸ்னூப்பிங் போட்டுட்டு ஒரு முழு லீஸ் காலம் விடுங்க, எல்லாரும் டேபிளுக்குள்ள வரட்டும், அப்புறம் ஒவ்வொரு வீலேனா ஆன் பண்ணுங்க.

ஸ்டேடிக் ஐபி வச்சிருக்கிற பிரின்டர் அந்த டேபிள்ல எப்பவுமே வராது, கேக்கவே இல்லையே. அதுக்கு கையால பைண்டிங் எழுதணும், இல்ல ஏஆர்பி ஏசிஎல் (யாரை விடலாம்ங்கிற பட்டியல்) போடணும். நான் சொல்றது, அதையெல்லாம் டிஹெச்சிபிக்கே மாத்தி சர்வர்ல ரிசர்வேஷன் குடுத்துடுங்க, ஐபியும் மாறாது, டேபிள்லயும் வந்துடும், ஒரு நாள் வேலை ஆனா அதுக்கப்புறம் நிம்மதி. பிரின்டர் இருக்குன்னு போர்ட்டையே ட்ரஸ்டட் ஆக்குறதை மட்டும் பண்ணாதீங்க, அந்தக் கேபிளைக் கழட்டி யாரு வேணா லேப்டாப்ல சொருகலாம்.

இன்னொண்ணு, இந்த டேபிள் ஸ்விட்ச்சோட மெமரிலதான் இருக்கும், ரீபூட் ஆனா காலி. ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷனும் ஓடுற எடத்துல டேபிள் காலியாச்சுன்னா நல்ல ஐபி வச்சிருக்கிற எல்லாரும் வெளிய நிப்பாங்க. ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் டேட்டாபேஸ்னு ஃப்ளாஷ்லயோ வெளி சர்வர்லயோ சேமிக்கச் சொல்லுங்க, 300 செகண்ட் இடைவெளில எழுதிக்கும். லீஸ் நேரம் சரியா இருக்கணும்னா ஸ்விட்ச்சுக்கு என்டிபியும் (நெட்வொர்க் வழியா கடிகாரத்தைச் சரி பண்றது) வேணும், கடிகாரம் தப்பா இருந்தா இந்தக் கணக்கும் தப்பிடும்.

கேள்வி: எங்க கிட்ட மேனேஜ்டு ஸ்விட்ச் (செட்டிங் மாத்தக்கூடியது) ஒண்ணுதான் இருக்கு, மீதி எல்லாம் சாதாரண ஸ்விட்ச். இதுல பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு, ஆனா எல்லையைத் தெரிஞ்சுக்கோங்க. சாதாரண ஸ்விட்ச்ல எட்டு பேர் இருக்காங்க, அதுலயே தப்பான ரவுட்டரும் இருக்குன்னா அவங்களுக்குள்ள போற பாக்கெட் மேனேஜ்டு ஸ்விட்ச்சைத் தொடவே தொடாது, அந்த எட்டு பேரும் மாட்டிப்பாங்க. ஆனா பிரச்சனை அந்த எட்டு பேரோட நின்னுடும், மத்தவங்களுக்கு வராது. அதனால இருக்கிற ஒரு நல்ல ஸ்விட்ச்சை நடுவுல வச்சு, ஒவ்வொரு சின்ன ஸ்விட்ச்சும் நேரா அதுல வந்து சேர்ற மாதிரி மாத்துங்க, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுன்னு சங்கிலியா போடாதீங்க. வைஃபைலயும் இதே கதைதான், ஒரே ஆக்ஸஸ் பாயின்ட்ல இருக்கிற ரெண்டு பேர் பேசிக்கிறது ஸ்விட்ச்சுக்கு வராது, அதுக்கு ஆக்ஸஸ் பாயின்ட்லயே கிளையன்ட் ஐசொலேஷன் ஆன் பண்ணணும்.

ஸ்னூப்பிங் இல்லாத ஆனா போர்ட் ஏசிஎல் இருக்கிற ஸ்விட்ச்னா, யூசர் போர்ட்ல உள்ள வர்ற பாக்கெட்ல சோர்ஸ் யூடிபி போர்ட் 67 (ஸ்விட்ச்சோட போர்ட் இல்ல, பாக்கெட்டுக்குள்ள இருக்கிற எண்) இருந்தா டிராப்னு ஒரு ரூல் போடுங்க. சர்வர் பேசுறது 67-ல இருந்து, கிளையன்ட் பேசுறது 68-ல இருந்து, அதனால நல்ல கிளையன்ட் யாருக்கும் இதால ஒண்ணும் ஆகாது. பைண்டிங் டேபிள் கிடைக்காது, ஆனா முக்கியமான வேலை நடந்துடும். சில ஸ்மார்ட் ஸ்விட்ச்ல இதையே டிஹெச்சிபி ஃபில்டர், சர்வர் ஸ்கிரீனிங்னு தனி மெனுவா வச்சிருப்பாங்க, தேடிப் பாருங்க.

கேள்வி: ஐபிவி6 (ஐபியோட புது வகை) நாங்க பயன்படுத்தல. அதுக்கும் ஏதாவது செய்யணுமா?

பதில்: நீங்க பயன்படுத்தலன்னு நினைக்கிறீங்க, உங்க சிஸ்டங்கள்ல அது ஆன்லதான் இருக்கு. யாராவது ஒரு ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட் (சுருக்கமா ஆர்ஏ, நான்தான் ரவுட்டர்னு அறிவிக்கிற பாக்கெட்) அனுப்பினா உடனே அட்ரஸ் வச்சுக்கிட்டு, பல சமயம் ஐபிவி4-ஐ விட அதையே முதல்ல பயன்படுத்தவும் ஆரம்பிச்சிடும், இவ்வளவு நேரம் பேசின ஸ்னூப்பிங்குக்கு இது கண்ணுலயே படாது. யூசர் போர்ட்ல எல்லாம் ஆர்ஏ கார்டும் டிஹெச்சிபிவி6 கார்டும் போடுங்க, அப்லிங்க்ல மட்டும் விடுங்க. ஆர்ஏ கார்டை 2011-ல ஆர்எஃப்சி 6105-ல எழுதி வச்சாங்க, பாக்கெட்டைத் துண்டு துண்டா அனுப்பி பழைய ஸ்விட்ச்சை ஏமாத்துற வழியும் அப்புறம் தெரிய வந்துச்சு, அதனால ஃபர்ம்வேரைப் புதுசா வச்சுக்கிட்டு ஆன் பண்ணுங்க.